சாவியை எடுத்த பிறகும் ஓடும் மின்சாரம்

திருப்பதி மலை அடிவாரத்தில், அலிபிரியில் காரை நிறுத்திவிட்டுப் படியேறினோம். 3550 படிகள், ஏறக்குறைய 9 கிலோமீட்டர். மேலே இரண்டு ராத்திரி தங்கி, தரிசனம் முடித்து, மூன்றாம் நாள் காலையில் இறங்கி வந்து சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். செல்ஃப் எடுக்கவில்லை. டாஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்தன.

பேட்டரிக்கு நான்கு வயது முடிந்திருந்தது. அதனால் பெரிதாக யோசிக்கவில்லை. பக்கத்து வண்டிக்காரர் உதவிக்கு வந்தார். அவர் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ஜம்ப் கொடுத்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. “டைனமோ வேலை செய்யுதான்னு பாத்துடலாம்” என்று சொல்லி, இன்ஜின் ஓடும்போதே பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைத் தளர்த்தித் தூக்கினார். இன்ஜின் நிற்கவில்லை. “டைனமோ நல்லாருக்கு, பேட்டரிதான் போச்சு” என்றார். நன்றி சொல்லிவிட்டு, சந்திரகிரி, பூதலப்பட்டு வழியாகச் சித்தூர் வந்து சேர்ந்து, அன்று மாலையே புது பேட்டரி வாங்கிப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, சனி ஞாயிறு வீட்டிலேயே நின்ற வண்டி திங்கட்கிழமை காலை மறுபடியும் ‘டக்’ என்றது. புது பேட்டரி. வாங்கிய கடையில் சோதித்துப் பார்த்து, பேட்டரியில் குறையில்லை, ஏதோ விளக்கை அணைக்காமல் விட்டிருப்பீர்கள் என்றார்கள். சார்ஜ் ஏற்றிப் போட்டோம். தினமும் ஓட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டு நாள் நிறுத்தினால் போச்சு. ஒரு மாதத்தில் இப்படி மூன்று முறை நடந்தது.

பேட்டரி இறங்கினால் பேட்டரியை மாற்று என்பதுதான் நாம் எல்லோரும் முதலில் செய்வது. சித்தூர்க்காரன் என்ற முறையில் எனக்கு இதில் தனி வருத்தம் உண்டு. நாட்டின் பெரிய பேட்டரி ஆலைகளில் சில எங்கள் பக்கத்தில்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் பொறியாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பிய கல்லா ராமச்சந்திர நாயுடு 1985 இல் அமர ராஜா நிறுவனத்தைத் தொடங்கினார். திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியில் ஆலை எழுந்தது. 1997 இல் அமெரிக்காவின் ஜான்சன் கன்ட்ரோல்ஸுடன் கூட்டு, 2000 இல் அமரான் என்ற பெயரில் கார் பேட்டரி, பிறகு சித்தூர் பக்கம் பங்காருபாளையம் மண்டலத்தில் நூனெகுண்ட்லபள்ளியில் இன்னும் ஆலைகள் என்று வளர்ந்தது. என் உறவிலேயே இருவர் பேட்டரித் தொழிலில் இருக்கிறார்கள். பேட்டரி இந்த ஊர்களுக்குச் சோறு போடும் பொருள். அதன் எடையில் சுமார் 60 விழுக்காடு ஈயம். நல்லபடி மறுசுழற்சி செய்தால் அந்த ஈயம் திரும்பத் திரும்பப் பயன்படும். கொட்டகையில் உடைத்து உருக்கினால் பக்கத்தில் விளையாடும் குழந்தையின் ரத்தத்தில் கலக்கும். இதற்காகவே 2001 இல் ஒரு விதித்தொகுப்பும், அதற்குப் பதிலாக 2022 இல் இன்னும் விரிவான விதிகளும் வந்தன. நல்ல பேட்டரி ஒன்றின் மேல் தவறாகப் பழி சொல்லித் தூக்கிப் போடுவது காசு நஷ்டம் மட்டும் இல்லை.

பழி யார் மேல் என்று தெரிய வேண்டுமானால், நின்றிருக்கும் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கார் பேட்டரி என்பது ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஈயத் தகடும், ஈய டை ஆக்ஸைடு பூசிய தகடும் கந்தக அமிலத்தில் நிற்கின்றன. 1859 இல் பிரான்ஸின் காஸ்தோன் பிளாந்தே செய்து காட்டிய அதே வேதியியல்தான் இன்றும். அறைக்கு 2.1 வோல்ட்டுக்குச் சற்றுக் கூடுதல் என்று ஆறு அறைக்கும் சேர்த்து முழு சார்ஜில் 12.6 அல்லது 12.7 வோல்ட் இருக்கும். மின்சாரம் வெளியே போகப் போக இரண்டு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப் போகிறது. 12.2 வோல்ட் என்றால் பாதி காலி. 12 வோல்ட் காட்டினால் ‘பன்னிரண்டு வோல்ட் பேட்டரிதானே, சரியாகத்தான் இருக்கிறது’ என்று நினைப்பவர்கள் பலர். அப்போது உள்ளே மிஞ்சியிருப்பது கால்வாசி.

இதிலிருந்து சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அது குறை இல்லை. கடிகாரம் ஓட வேண்டும், ரேடியோ தன் அலைவரிசைகளை நினைவில் வைக்க வேண்டும், ரிமோட் பூட்டு உங்கள் சாவி எப்போது கூப்பிடும் என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை போனால் அது நியாயமான செலவு. என் வண்டியில் 35 ஆம்பியர் மணி பேட்டரி. 25 மில்லி ஆம்பியர் வீதம் போனால் ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர் மணிதான் செலவு. மூன்று வாரம் நிறுத்திவிட்டு வந்தாலும் வண்டி கிளம்பும்.

அதே இடத்தில் 400 மில்லி ஆம்பியர் போகிறது என்று வையுங்கள். ஒரு 5 வாட் பல்பு எரிவது போல, அவ்வளவுதான். வெள்ளி மாலை நிறுத்தி ஞாயிறு காலை எடுத்தால் 38 மணி நேரம், 15 ஆம்பியர் மணி. ஊருக்குள் ஓடும் வண்டியின் பேட்டரி பெரும்பாலும் முழுதாக நிரம்பி இருப்பதில்லை. 28 இருந்தது என்று கொண்டால் மிச்சம் 13. ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு இழுப்பில் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். அந்த இழுப்பில் வோல்ட்டேஜ் தடாலென்று சரிகிறது. ‘டக்’ என்ற சத்தம் அதுதான்: சோலனாய்டு உள்ளே இழுக்கிறது, மோட்டாரைச் சுழற்றத் தெம்பில்லை.

இன்னொரு கெடுதலும் உண்டு. கார் பேட்டரியின் தகடுகள் மெலிதானவை. ஒரே மூச்சில் பெரிய ஓட்டத்தைக் கொடுத்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்ளத்தான் அவை செய்யப்பட்டவை. அடிவரை காலியாகி அப்படியே கிடந்தால் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் ஒரு பகுதி திரும்ப வராது. கசிவு நாலு முறை காலி செய்தால் நல்ல பேட்டரியும் உண்மையிலேயே கெட்ட பேட்டரி ஆகிவிடும். அப்போது அதைச் சோதிப்பவர் ‘பேட்டரி போச்சு’ என்பார். அவர் சொல்வதும் சரிதான். எங்கள் பக்கத்து வெயில் இதை இன்னும் வேகமாக்குகிறது. சூடு 10 டிகிரி ஏறினால் பேட்டரி தானாகவே இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சித்திரை வைகாசியில் திருப்பதி 40 டிகிரியைத் தாண்டும்.

மூன்றாவது முறைக்குப் பிறகு நான் போனது சித்தூரில் கட்டமஞ்சி பக்கம் ஒரு ஷெட்டுக்கு. அங்கே அறுபது வயதைத் தாண்டிய ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர். வீட்டில் தமிழ், ஷெட்டில் தெலுங்கு, மீட்டரோடு மட்டும் மௌனம். நான் மூன்று முறை இறங்கிய கதையைச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, “எத்தனை நாள் நிறுத்துனா இறங்குது?” என்று கேட்டார். “ரெண்டு நாள், அண்ணா.” “அப்ப அரை ஆம்பியருக்குக் கீழ” என்றார். மீட்டரைத் தொடாமலேயே அவர் போட்ட கணக்கு.

முதலில் அவர் பார்த்தது பேட்டரியின் தலையை. வோல்ட் மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் டெர்மினலில் வைத்து, மறுமுனையை பிளாஸ்டிக் மூடியின் மேல் இழுத்தார். என் பேட்டரியில் ஒன்றும் காட்டவில்லை. ஷெட்டில் கிடந்த பழைய பேட்டரி ஒன்றில் அதையே செய்து காட்டினார்: வெறும் பிளாஸ்டிக்கின் மேல் 3 வோல்ட்டுக்கும் கூடுதல்! அமில ஆவியும் தூசியும் சேர்ந்து படிந்த ஈரப்படலம் இரண்டு டெர்மினலுக்கும் நடுவே பாலம் கட்டியிருந்தது. ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்ததும் நுரைத்தது. காய்ந்த பிறகு மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது.

அடுத்து வண்டியைத் தூங்க வைத்தார். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

பழைய வண்டிகளில் டெர்மினலைக் கழற்றித் தொட்டுப் பார்ப்பார்கள். பொறி பறந்தால் கசிவு என்று தீர்ப்பு. இன்றைய வண்டியில் அந்தச் சோதனை செல்லாது. உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் கணினிப் பெட்டிகளின் கெப்பாசிட்டர்கள் நிரம்பும் ஒரு கணத்தில் குறையில்லாத வண்டியிலும் பொறி பறக்கும். அந்தப் பெட்டிகள் கேன் என்ற ஒரே இணைப்பில் பேசிக்கொள்கின்றன. பாஷ் நிறுவனம் 1986 இல் அறிமுகப்படுத்திய முறை அது. கதவைத் திறந்தால் எல்லாம் விழித்துக்கொண்டு சில ஆம்பியர் வரை இழுக்கும். பூட்டிய பிறகு ஒவ்வொன்றாக அடங்கி உறங்க, வண்டியைப் பொறுத்து இருபது நிமிடமும் ஆகும், முக்கால் மணி நேரமும் ஆகும். அதற்குள் மீட்டரைப் பார்த்துவிட்டு ‘ரெண்டு ஆம்பியர் போகுது’ என்று பதறி வயரிங்கைப் பிரித்தவர்கள் உண்டு.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். பானட்டைத் திறந்து வைத்தார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவிலிருக்கும் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடினார். கதவு திறந்தே இருக்க, வண்டி அது மூடியிருப்பதாக நம்பியது. சாவியை என்னிடம் கொடுத்து, “தூரமா வெச்சுக்குங்க சார். பக்கத்துல இருந்தா இது முழிச்சுக்கும்” என்றார். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றினார். ஒரு க்ளிப்பை நெகட்டிவ் கேபிளிலும், இன்னொன்றை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மாட்டினார். அதன் பிறகுதான் கேபிளின் பிடியை மெல்லத் தூக்கினார். இப்படிச் செய்தால் ஓட்டம் ஒரு கணமும் அறுபடாமல் மீட்டர் வழியாக மாறிக்கொள்கிறது. உறங்கப் போகும் வண்டி திடுக்கிடுவதில்லை. இதே நிலையில் யாராவது மறந்துபோய் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். வேலை முடிந்ததும் சிவப்பு ஒயரைப் பழைய துளைக்கு மாற்ற மறந்து வோல்ட் பார்க்கப் போனால் பேட்டரியையே ஷார்ட் செய்துவிடுவோம். இந்த இரண்டையும் அவர் இரண்டு தடவை சொன்னார்.

“டீ சாப்ட்டு வரலாம்.”

திரும்பி வந்தபோது மீட்டரில் 410 மில்லி ஆம்பியர். ஐந்து நிமிடம் நின்று பார்த்தோம். எண் அசையவில்லை.

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார் என்று எதிர்பார்த்தேன். அதுதான் பலரும் செய்வது. எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ, அந்தப் பக்கம் கள்ளன். ஆனால் பிடுங்கித் திரும்பச் செருகினால் தூங்கும் பெட்டி விழித்துக்கொள்ளும். சில வேளை விழித்து மறுபடி தூங்கும்போது குறையும் மறைந்துவிடும். அவர் ஃபியூஸைத் தொடவே இல்லை. ஒவ்வொரு ஃபியூஸின் முதுகிலும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். இரண்டாவது மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து அந்தப் புள்ளிகளில் முனைகளை ஊன்றினார். ஃபியூஸ் என்பது மெல்லிய உலோகப் பட்டை. அதற்கும் மிகச் சிறிய மின்தடை உண்டு. 10 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது ஓம் ஒன்றில் ஆயிரத்தில் ஏழெட்டுப் பங்கு. ஓம் விதியைப் போட்டால், 400 மில்லி ஆம்பியர் அதன் வழியே போனால் 3 மில்லி வோல்ட் காட்ட வேண்டும். எண்ணெய்க் கறை படிந்த விரல்கள் வரிசையாக நகர்ந்தன. 0.0. 0.0. 0.1. 0.0. கடைசி வரை இப்படித்தான்.

எனக்கு ஏமாற்றம். அவருக்கு முகம் மலர்ந்தது. “பெட்டிக்குள்ள போறது எல்லாம் சேத்தாலும் இருபது முப்பதுதான். மிச்சம் பெட்டிக்கு வெளிய போகுது.” கடைக் கணக்கில் பற்று வரவு பொருந்தாவிட்டால் எங்கே பார்ப்போம்? நோட்டில் ஏறாத கொடுக்கல் வாங்கலைத் தேடுவோம். சின்ன ஃபியூஸ் எதையும் தாண்டாமல் பேட்டரியோடு நேரே பிணைந்தவை வண்டியில் இரண்டே இரண்டு: ஸ்டார்ட்டர், டைனமோ. தடித்த ஒயர்கள் போகும் இடங்கள். “வண்டி ராத்திரி இங்கேயே நிக்கட்டும். விடியறப்ப வாங்க, கைய வெச்சுக் காட்டுறேன்.”

காலை ஆறு மணி. திறந்த பானட்டுக்குள் என் கையைப் பிடித்து முதலில் இன்ஜினின் மேல் வைத்தார். பனி இறங்கிய கல் போலக் குளிர்ந்திருந்தது. அடுத்து டைனமோவின் முதுகில். லேசான வெதுவெதுப்பு. பத்து மணி நேரமாக அசையாத இயந்திரம் ஏன் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்? 410 மில்லி ஆம்பியரில் நியாயமான 25 ஐக் கழித்தால் மிச்சம் 0.385 ஆம்பியர். அதை 12.5 வோல்ட்டால் பெருக்கினால் 5 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சூடு என் உள்ளங்கையில் இருந்தது.

பேட்டரியின் நெகட்டிவை முழுதாகக் கழற்றிவிட்டு, டைனமோவின் தடித்த ஒயரின் நட்டை அவிழ்த்தார். (வரிசை மாறக் கூடாது. அந்த ஒயர் சாவி இல்லாதபோதும் உயிரோடு இருப்பது. ஸ்பானர் பாடியில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்.) ஒயரின் நுனியை டேப் சுற்றி ஒதுக்கி வைத்து, மறுபடி மீட்டரை மாட்டி, மறுபடி தூங்க வைத்து, மறுபடி டீ. 25 மில்லி ஆம்பியர்.

நாம் இன்னும் டைனமோ என்றுதான் சொல்கிறோம். உண்மையில் அது ஆல்டர்னேட்டர். பழைய டைனமோ நேர் மின்சாரம் கொடுத்தது. ஆல்டர்னேட்டர் உள்ளே உண்டாக்குவது மாறுதிசை மின்சாரம். சிலிக்கன் டயோடுகள் அதை நேராக்குகின்றன. அந்த டயோடுகள் மலிவாகவும் உறுதியாகவும் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் இது கார்களுக்கு வந்தது. 1960 இல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் பொருத்தியது. டயோடு ஒருவழிப் பாதை. மேல் வரிசையில் மூன்று, கீழ் வரிசையில் மூன்று. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகலாம், திரும்பி வரக் கூடாது. ஒரு வரிசையில் மட்டும் ஒன்று பழுதானால் மறு வரிசை காப்பாற்றிவிடும். இரண்டு வரிசையிலும் ஒவ்வொன்று கசியத் தொடங்கினால், நிறுத்திய வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் மேல் டயோடு வழியாகச் சுருளுக்குள் இறங்கி, கீழ் டயோடு வழியாகப் பாடிக்குப் போய்க்கொண்டே இருக்கும். முழுதாக ஷார்ட் ஆனால் உடனே தெரிந்துவிடும். அரைகுறையாகக் கசிந்தால் வண்டி ஓடும், சார்ஜ் ஏறும், எந்த விளக்கும் எரியாது.

“யாராவது வண்டி ஓடும்போது டெர்மினலைத் தூக்கினாங்களா?” என்று கேட்டார். அலிபிரி ஞாபகம் வந்தது.

பழைய டைனமோ காலத்தில் கைமாறி வந்த சோதனை அது. ஆல்டர்னேட்டருக்கு அது அடி. அன்று பேட்டரி அடிவரை காலியாக இருந்தது. ஜம்ப் கொடுத்த அடுத்த நிமிடம் ஆல்டர்னேட்டர் தன் முழு வலுவையும் அதற்குள் கொட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று டெர்மினல் தூக்கப்பட்டது. அத்தனை ஆம்பியருக்கும் போக இடமில்லை. சுழலும் சுருளின் காந்தப் புலம் உடனே அடங்காது, அரை நொடி வரை அது தள்ளிக்கொண்டே இருக்கும். 14 வோல்ட் இருந்த இடத்தில் அந்தக் கணம் 100 வோல்ட் வரைகூட எழும்பலாம். புதிய வண்டிகளில் இதைத் தாங்கி அமிழ்த்தும் டயோடுகள் இருக்கின்றன. என்னுடையது அவ்வளவு புதிதில்லை. உதவ வந்தவர் நல்ல மனத்தோடுதான் செய்தார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அப்படித்தான். அதனால்தான் இதை இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்: இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைத் தூக்க யாரையும் விடாதீர்கள். ஆல்டர்னேட்டர் சரியா என்று பார்க்க வோல்ட் மீட்டர் போதும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. அப்படியே மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு மேல் சந்தேகப்படலாம்.

எல்லா வண்டியிலும் குற்றவாளி டயோடு இல்லை. அவர் ஷெட்டுக்கு வருபவற்றில் அதிகம், பிறகு மாட்டிய ஸ்டீரியோவாம். அதற்கு மஞ்சள் ஒயர் எப்போதும் உயிரோடு இருப்பது, சிவப்பு ஒயர் சாவியோடு சேர்ந்து வருவது. சாவி லைனைத் தேடச் சோம்பி இரண்டையும் முறுக்கி ஒன்றாகக் கட்டிவிட்டால் ஸ்டீரியோ இரவெல்லாம் விழித்திருக்கும். டேஷ் கேமராவிலும் இதே கதை. டிக்கி விளக்கும் குளோவ் பாக்ஸ் விளக்கும் மூடிய பிறகு அணைகிறதா என்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. போனில் வீடியோவை ஓட விட்டு உள்ளே வைத்து மூடி எடுத்தால் தெரிந்துவிடும். அணையாமல் இயங்கிக்கொண்டே இருக்கும் ரிலேயைத் தொட்டுப் பார்த்தாலே சூடு தெரியும். அதன் சுருள் மட்டுமே 150 மில்லி ஆம்பியர் குடிக்கும். வாடகைக் கார்களில் கட்டாயமான இருப்பிடங்காட்டிக் கருவியும் சரியாகப் பொருத்தாவிட்டால் இந்தப் பட்டியலில் சேரும்.

டயோடு பிளேட்டை மட்டும் மாற்றினார். கழற்றிய பழையதை என் கையில் கொடுத்தார். பிறை வடிவ அலுமினியத் தகடு, அதில் சட்டைப் பொத்தான் அளவில் டயோடுகள். கண்ணுக்கு ஒரு கறுப்பும் இல்லை, கீறலும் இல்லை. மீட்டரை டயோடு சோதனையில் வைத்து இரு திசையிலும் தொட்டுக் காட்டினார். நல்லவை ஒரு திசையில் ஏறக்குறைய 0.5 வோல்ட் காட்டின, மறு திசையில் பேசவில்லை. இரண்டு மட்டும் இரு திசையிலும் பேசின.

பேட்டரியை இரவு முழுக்க சார்ஜரில் வைத்து நிரப்பினோம். இத்தனை முறை காலியானதை ஆல்டர்னேட்டர் மட்டுமே நிரப்பிவிடும் என்று அதை விரட்டக் கூடாது என்றார். அடுத்த மாதம் மறுபடி அலிபிரி. நிறுத்தும்போது பானட்டைத் திறந்து, ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு மேலோட்டமான சார்ஜை இறக்கி, சில நிமிடம் விட்டு அளந்தேன்: 12.66 வோல்ட். இரண்டு ராத்திரி கழித்து இறங்கி வந்து, சாவியைத் திருப்புவதற்கு முன் அளந்தேன்: 12.62. கையை ஆல்டர்னேட்டரின் மேல் வைத்துப் பார்த்தேன். இன்ஜினைப் போலவே குளிர்ந்திருந்தது.